குமரிமுனையில் சந்திப்பவை எத்தனை கடல்கள்? அலுவலகப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு வேண்டும்

பின்னலாடைக் கணக்கன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் இறுதியில் அலுவலகத்தார் அனைவரும் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா செல்வதென்று முடிவாகி, அதற்கான சுற்றறிக்கையை எழுதும் பொறுப்பு எங்கள் கணக்கு மேலாளரிடம் வந்து சேர்ந்தது. நாகர்கோவிலைச் சொந்த ஊராகக் கொண்ட அவர், "வங்கக்கடலும் அரபிக்கடலும் இந்தியப் பெருங்கடலும் சங்கமிக்கும் எங்கள் குமரிமுனைக்கு உங்களை அழைத்துச் செல்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்று, பேருந்து வாடகையைத் தம் சொந்தப் பையிலிருந்து கொடுப்பவரைப் போல எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பசை காய்வதற்குள், கப்பல் ஆவணப் பிரிவில் இருக்கும் அக்கா அங்கே வந்து, சிவப்புப் பேனாவால் "இந்தியப் பெருங்கடலும்" என்பதை அடித்துவிட்டு, "ஒரே சரக்கு இருமுறை பதிவாகியுள்ளது" என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போனார்.

அக்காவின் வாதம் எளிமையானது. வங்கக்கடலும் அரபிக்கடலும் இந்தியப் பெருங்கடலின் பகுதிகளே என்னும்போது, அவ்விரண்டும் இந்தியப் பெருங்கடலோடு வந்து சேர்கின்றன என்று எழுதுவது, ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணனும் தம்பியும் வாசலில் தங்கள் கூட்டுக் குடும்பத்தைச் சந்தித்தார்கள் என்று எழுதுவதைப் போன்றது என்கிறார். ஆகவே சந்திப்பவை இரண்டு கடல்கள்தாம், மூன்றாவது மேலாளரின் ஊர்ப்பற்றில் சுரந்த கடல் என்பது அவருடைய முடிவு. மேலாளரோ, பள்ளிப் பாடத்தில் படித்ததையும், சுற்றுலாத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையும், தம் பாட்டனார் கைகாட்டிச் சொன்னதையும் வரிசையாக அடுக்கி, "பெருங்கடலை நாற்பது அடி கன்டெய்னருக்குள் அடைத்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியாது" என்று முடித்தார். அதற்கு அக்கா, தாம் நாள்தோறும் தூத்துக்குடியிலிருந்து வங்கக்கடல் வழியாகச் சரக்கு அனுப்புகிறவர் என்றும், கடலைப் பற்றிக் கணக்குப் பிரிவு தமக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்றும் பதில் எழுதினார். பதில் "எழுதினார்" என்று நான் சொல்வது உண்மையாகவே எழுதியதைத்தான். இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்துகொண்டே குறிப்பாணை அனுப்பிக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் நான் தபால்காரன் ஆகிவிட்டேன். கடைசியாக மேலாளரின் மேசைக்கு வந்த குறிப்பாணை, "மூன்றாவது கடலுக்கான ரசீதை இணைத்தால் மட்டுமே அதைக் கணக்கில் ஏற்றிக்கொள்ள இயலும்" என்று அவருடைய வழக்கமான வாசகத்தையே அவரிடம் திருப்பி அனுப்பியிருந்தது.

தோற்பவர் ஒரு வாரத்துக்கு இரு பிரிவினருக்கும் மாலைத் தேநீரும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். இதற்கிடையில் காசாளர், கடல்களின் எண்ணிக்கை முடிவாகும் வரையில் பேருந்துக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று அறிவித்து, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிவிட்டார். மூன்றா, இரண்டா? விவரம் அறிந்தவர்கள் ஆதாரத்தோடு சொன்னால், அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

வரைபடப் பித்தன் எழுதுகிறார்:

இரு தரப்புக்கும் நான் நல்ல செய்தி கொண்டுவரவில்லை. கப்பல்களுக்குத் தேவையான கடல் வரைபடங்களை ஒழுங்குபடுத்துவதற்காக 1921-இல் உருவாகி, மொனாக்கோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் பன்னாட்டு நீர்ப்பரப்பு அளவை அமைப்பில் இந்தியாவும் உறுப்பு நாடு. எந்தக் கடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்த அமைப்பு வகுத்துத் தந்த நூலின் மூன்றாம் பதிப்பு 1953-இல் வெளிவந்தது. அதற்குப் பின் புதிய பதிப்பு எதுவும் ஏற்கப்படாததால், இத்தகைய வழக்குகளில் முதலில் புரட்ட வேண்டிய பேரேடு அதுதான்.

அந்த நூலில், பாடப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு கடல் இருக்கிறது. அதன் பெயர் லட்சத்தீவுக் கடல். அதன் மேற்கு எல்லை, கார்வாருக்கு அருகிலுள்ள சதாசிவகட் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, லட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுகளுக்கும் மேற்குப் புறமாகவே இறங்கி, மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவு வரை செல்கிறது. தெற்கு எல்லை, அங்கிருந்து இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு இழுக்கப்பட்ட நேர்க்கோடு. கிழக்கே இந்தியாவின் மேற்குக் கரையும் இலங்கையின் மேற்குக் கரையும், வடகிழக்கே ஆதம் பாலம் எனப்படும் இராமர் சேதுவும் எல்லைகள். இராமர் சேது வரை இந்தக் கடல் போகிறது என்னும்போது மன்னார் வளைகுடா முழுவதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே இந்த நூலின்படி, குமரிமுனைப் பாறையில் கிழக்கு நோக்கி நின்று காலை நனைத்தாலும், மேற்கு நோக்கி நின்று நனைத்தாலும், நனைப்பது ஒரே கடலில்தான்.

அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற மூன்றும் எங்கே இருக்கின்றன? அரபிக்கடல், லட்சத்தீவுக் கடலின் மேற்கு எல்லைக்கு அப்பால்தான் தொடங்குகிறது. குமரியிலிருந்து நேர்மேற்கே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் சென்று, மினிக்காய் தீவையும் தாண்டிய பிறகே அதைத் தொட முடியும். வங்கக்கடலின் தெற்கு எல்லை இராமர் சேது, பிறகு தேவேந்திரமுனையிலிருந்து சுமத்திராவின் வடமுனைக்கு அருகிலுள்ள ஒரு சிறு தீவு வரை செல்லும் கோடு. ஆகவே அதற்கு மிக அருகிலுள்ள வாசல் தனுஷ்கோடிப் பக்கம், அதாவது இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இந்தியப் பெருங்கடல் என்று அந்த நூல் தனியாகப் பெயரிட்டு அழைக்கும் பரப்பு, தேவேந்திரமுனை - அட்டு கோட்டுக்குத் தெற்கே ஆரம்பிக்கிறது. குமரியிலிருந்து நேர்தெற்கே அதுவும் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. மூன்று விருந்தாளிகளும் வருவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. மூவரும் வரவே இல்லை என்று வருகைப் பதிவேடு சொல்கிறது.

இன்னொன்றையும் இங்கே குறித்தாக வேண்டும். இந்நூல் பெருங்கடலையும் அதன் உட்கடல்களையும் தனித்தனிப் பரப்புகளாகக் கோடு போட்டுப் பிரிப்பதால், "பெருங்கடலுக்குள் கடல்கள் அடங்கிவிட்டன, ஆகவே எண்ணக் கூடாது" என்ற அக்காவின் முதல் வாதம் இங்கே செல்லாது. ஒரு கடலும் ஒரு பெருங்கடலும் ஓரிடத்தில் எல்லையைப் பகிர்ந்துகொள்வது இந்த நூலின் கண்ணில் முற்றிலும் முறையான செயல்தான். அந்த இடம் குமரிமுனை அல்ல என்பதே மேலாளரின் துரதிர்ஷ்டம்.

அதைவிடச் சுவையான செய்தி தூத்துக்குடியைப் பற்றியது. அந்தத் துறைமுகம் மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து கொழும்பு போய்ச் சேரும் சரக்குப் பெட்டி, இந்த நூலின் கணக்கில் வங்கக்கடலை ஒருமுறை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கா நாள்தோறும் சரக்கு அனுப்பிவருவது லட்சத்தீவுக் கடல் வழியாகத்தான். மூன்று என்றவர் தோற்றார். இரண்டு என்றவரும் தோற்றார். பஜ்ஜியை இருவரும் சேர்ந்து வாங்கட்டும், காசாளர் சாப்பிடட்டும்.

முட்டத்துக்காரன் எழுதுகிறார்:

மொனாக்கோவில் உட்கார்ந்து எங்கள் ஊர்க் கடலுக்குக் கோடு போட்டவர்கள், சின்னமுட்டத்தில் ஒரு நாள் படகு ஏறியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். வரைபடப் பித்தன் சொல்லும் கோடுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் மீன் பிடிக்க முடியாது.

சான்றுக்கு மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. எங்கள் மாவட்டத்தில் இந்த இரண்டு தடைகளும் இருக்கின்றன. குமரிமுனைக்குச் சற்று வடகிழக்கே உள்ள சின்னமுட்டம் துறைமுகத்தின் படகுகள், கிழக்குக் கரைத் தடைக்குக் கட்டுப்பட்டுச் சித்திரையில் கரையேறி நிற்கும் நேரத்தில், முனைக்கு மேற்கே உள்ள முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் கடலில் இருக்கும். பிறகு ஜூன் நடுவில் சின்னமுட்டத்துப் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, மேற்கே உள்ளவர்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மழைப் பருவமும் மீன்கள் முட்டையிடும் காலமும் வெவ்வேறு என்பதால்தான் அரசு இரண்டு நாள்காட்டிகளை வைத்திருக்கிறது. ஒரே கடல் என்றால் ஒரே மாவட்டத்துக்கு எதற்காக இரண்டு தடைக்காலம்? இந்தக் கேள்விக்கு மொனாக்கோவிலிருந்து பதில் வாங்கித் தந்தால், நானே திருப்பூருக்கு வந்து பஜ்ஜி சுட்டுத் தருகிறேன்.

ஆகவே இரண்டு என்ற அக்காவுக்கு என் வாக்கு பாதி. மீதிப் பாதியை ஏன் தரவில்லை என்றால், வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ கேட்டுப் பாருங்கள். "தென்மேற்கு வங்கக்கடல், மன்னார் வளைகுடா மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் அப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்" என்று வரும். குமரிக்கடல் என்பதை வானிலைத் துறை தனிப் பகுதியாகவே வைத்திருக்கிறது. வங்கக்கடல் என்றோ அரபிக்கடல் என்றோ சொல்லி அதை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வலுப்பெற்றது அந்தக் குமரிக்கடலில்தான். எங்களில் யாரும் அந்தப் பெயரை மறப்பதற்கில்லை. ஆகவே கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் குமரிக்கடல் என்று எண்ணினால் மூன்று வந்துவிடுகிறது. உங்கள் மேலாளர் எண்ணிக்கையில் தப்பவில்லை. மூன்றாவதற்கு வைத்த பெயரில்தான் கொஞ்சம் பெரிதாகக் கைநீட்டிவிட்டார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். கடற்கரையில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று வெவ்வேறு நிற மணல் கிடப்பதைக் காட்டி, ஒவ்வொரு கடலும் ஒவ்வொரு நிறத்தைக் கொண்டுவந்து கொட்டியது என்று அவர் புதிய ரசீது தயாரிக்கக்கூடும். நாகர்கோவில்காரர்கள் அதற்கும் துணிந்தவர்கள். அந்தச் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். மோனசைட்டும் சிர்கானும் அவற்றோடு கலந்திருக்கும். எல்லாம் நம் மலைப் பாறைகள் சிதைந்து ஆற்றோடு வந்து சேர்ந்த கனிமங்களே. அலை அவற்றை எடைக்குத் தக்கபடி பிரித்துப் பட்டை பட்டையாகப் போடுகிறது. மணவாளக்குறிச்சியில் ஒன்றிய அரசின் ஆலை ஒன்று அந்த மணலிலிருந்துதான் கனிமங்களைப் பிரித்தெடுத்துவருகிறது. அதைக் கடலுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

பின்னலாடைக் கணக்கன் எழுதுகிறார்:

இரண்டு பதில்களையும் அச்சிட்டு ஒட்டியதிலிருந்து வேலை எதுவும் நடக்கவில்லை. தூத்துக்குடி குறித்த பத்தியை மேலாளர் மஞ்சள் மையால் தீட்டி, மூன்று படிகள் எடுத்து, ஒன்றை அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். அக்கா அசரவில்லை. "மூன்று என்பதற்கும் ஒன்று என்பதற்கும் வேறுபாடு இரண்டு, இரண்டு என்பதற்கும் ஒன்று என்பதற்கும் வேறுபாடு ஒன்று. ஏலத்தில் விடைக்கு அருகில் வந்தவருக்கே வெற்றி" என்று கணக்குப் பிரிவுக்கே கணக்குக் கற்பித்துக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறார். குமரிக்கடல் என்பதைக் கேட்டதும் மேலாளரின் முகம் மலர்ந்ததை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என எல்லா எண்களுக்கும் ஆள் சேர்ந்துவிட்டதால், சுழியத்துக்கு யாராவது வருவதற்குள் இதை முடித்துவைக்க வேண்டும். அந்த 1953-ஆம் ஆண்டு நூல் சட்டமா, வெறும் பரிந்துரையா என்பதே இப்போது எங்கள் அலுவலகத்தின் கேள்வி.

உவர்நீர் எழுதுகிறார்:

கடலியல் படித்தவன் என்ற முறையில் அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது சட்டம் அல்ல. அந்த எல்லைகளுக்கு அரசியல் முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று நூலின் முன்னுரையே கூறுகிறது. கடலோடிகளுக்கான வழிகாட்டி நூல்களையும் அறிவிப்புகளையும் தொகுக்கும் நாடுகள் ஒரே இடத்தை ஒரே பெயரால் குறிப்பிட வேண்டும் என்ற அலுவல் வசதிக்காக வகுக்கப்பட்ட கோடுகள் அவை. திருத்திய பதிப்புக்கான வரைவு 2002-இல் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பப்பட்டபோது, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் உள்ள கடலை ஜப்பான் கடல் என்பதா, கிழக்குக் கடல் என்பதா என்ற பூசலில் அது அப்படியே நின்றுபோயிற்று. உங்கள் மேலாளரும் அக்காவும் குறிப்பாணை அனுப்பிக்கொள்வதைக் கண்டு சிரிப்பவர்களுக்கு, இரண்டு நாடுகள் பல ஆண்டுகளாக அதையே செய்துகொண்டிருந்தன என்பதை நினைவூட்டுகிறேன். முடிவில் 2020-இல், கடற்பரப்புகளைப் பெயரால் அன்றி எண்ணால் அடையாளப்படுத்தும் புதிய எண்முறைத் தொகுப்பை உருவாக்குவதென்று அந்த அமைப்பு ஒப்புக்கொண்டது. கணக்குப் பிரிவினருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கலாம். வருங்காலத்தில் குமரிமுனையில் சங்கமிப்பவை பேரேட்டில் உள்ளவை போன்ற எண்களாகவே இருக்கும்.

இனி, கோடுகளை மறந்துவிட்டு நீரைப் பார்ப்போம். சந்திப்பு என்றால் வெவ்வேறு தன்மையுடைய இரண்டு நீர்கள் ஓரிடத்தில் கலப்பது என்று பொருள் கொண்டால், குமரிக்குத் தெற்கே உள்ள கடல் உலகின் மிகச் சுவையான சந்திப்புகளில் ஒன்று. அரபிக்கடலில் ஆவியாதல் அதிகம், வந்து விழும் ஆற்றுநீர் குறைவு; ஆகவே அதன் வடபகுதியில் ஒரு கிலோ நீருக்கு 36 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். வங்கக்கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, அதன் மேல் மழையும் மிகுதி. ஆகவே அதன் வடபகுதியின் மேற்பரப்பில் மழைக்காலத்துக்குப் பிறகு உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஏறத்தாழ ஒரே அகலாங்குகளில் அமர்ந்துகொண்டு, ஒரே பருவமழையில் நனைந்துகொண்டு, உப்பில் மட்டும் இவ்வளவு வேறுபடும் இரட்டைக் கடல்கள் வேறெங்கும் அமைவது அரிது.

இந்த இரண்டு நீர்களும் மாறி மாறி ஒன்றையொன்று தேடிச் செல்லும் பாதை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் கோடை மாதங்களில், அங்கே கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய்ந்து, அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீரை வங்கக்கடலுக்குக் கொண்டுசெல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில், ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதே நீரோட்டம் திசை மாறி, கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்து, வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீரை அரபிக்கடலின் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி கேரளக் கரையை ஒட்டி வடக்கே ஏறிச் செல்லும். பெருங்கடல் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை இப்படித் திசை திரும்பும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. பருவக்காற்று என்ற ஒரே காரணத்தால் இது நிகழ்கிறது, காற்று திரும்பினால் நீரும் திரும்புகிறது.

ஆனால் இந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரியாது. குமரிக் கரையில் நின்று, இதோ பச்சை, அதோ நீலம், அதற்கப்பால் சாம்பல் என்று மூன்று நிறங்களைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் காட்டுவது ஆழத்தையும், பாறையையும், அலை கிளப்பும் மணலையும், மேலே நகரும் மேகத்தின் நிழலையும்தான். உப்பின் வேறுபாட்டைக் காண்பதற்குக் கருவி வேண்டும், அல்லது மிகச் சிறந்த நாக்கு வேண்டும்; இரண்டாவதைப் பரிசோதிக்க வேண்டாம் என்று சுற்றுலாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தில், எல்லைக்கோட்டின்படி ஒன்று, நீரின்படி இரண்டு என்பதே சரி. மூன்றாவதாக இந்தியப் பெருங்கடல் தெற்கிலிருந்து தன் பங்குக்குத் தனி நீரைக் கொண்டுவந்து குமரிமுனையில் சேர்க்கிறது என்பதற்கு உப்புக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஆனால் கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கிழக்கும் மேற்கும் தெற்கும் திறந்து கிடப்பதும், அந்த மூன்று திசைகளுக்கும் அவன் மூன்று பெயர்களை வைத்ததும் இயல்பானவை என்பதை மேலாளருக்கு ஆறுதலாகச் சொல்லிவையுங்கள். தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரையில் பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கே இல்லை. அப்படியொரு திசையைக் கணக்கில் சேர்க்காமல் விட யாருக்கும் மனம் வராது.

ஏற்றுமதி அக்கா எழுதுகிறார்:

இதுவரை என்னைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன்; இனி நானே எழுதுகிறேன். தபால்காரத் தம்பி செய்திகளைச் சற்று இனிப்புச் சேர்த்து விநியோகிக்கிறார் என்பதைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

தூத்துக்குடி பற்றி வரைபடப் பித்தன் அவர்களுக்கு: எங்கள் ஆவணங்களில் ஏற்றும் துறைமுகத்தின் பெயரும் இறக்கும் துறைமுகத்தின் பெயரும் கப்பலின் பெயரும் மட்டுமே இருக்கும், வழியில் உள்ள கடலின் பெயரை எழுதுவதற்கு அதில் கட்டமே கிடையாது. ஆகவே தவறான கடலைக் குறிப்பிட்டதாக என் மேல் தணிக்கைக் குறிப்பு எழுத வாய்ப்பில்லை. மஞ்சள் மை தீட்டியவர் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

உவர்நீர் அவர்களுக்கு என் நன்றி. நீரின்படி இரண்டு என்று தாங்கள் எழுதியதே எனக்குப் போதுமானது. இருப்பினும் வெற்றியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வதற்கு முன்பு, தாங்கள் தந்த தகவலைக் கொண்டே மேலாளருக்கு இன்னொரு சிறு அதிர்ச்சியைத் தர விரும்புகிறேன். எங்கள் சுற்றுலா டிசம்பர் இறுதியில் நடக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்ந்து, வங்கக்கடல் நீரைத்தான் அப்பகுதிக்குக் கொண்டுவருகிறது என்றால், நாங்கள் போகும் நாளில் பணியில் இருப்பது வங்கக்கடல் மட்டுமே. அரபிக்கடல் விடுப்பில் இருக்கிறது. மூன்று கடல் காட்டுவதாக எழுதி ஐம்பது பேரை அழைத்துப் போய்விட்டு ஒரே கடலைக் காட்டினால், மீதி இரண்டு கடலுக்கான தொகையைச் சுற்றுலாக் கட்டணத்தில் கழித்துத் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. கணக்கு மேலாளர் அவர்கள் கழிவுச்சீட்டு போட்டுத் தருவாரா?

முட்டத்துக்காரன் அண்ணனிடம் ஒரு கேள்வி. குமரியில் சூரியன் கடலில் தோன்றிக் கடலிலேயே மறைவதைப் பார்க்கலாம் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அதையும் அடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

முட்டத்துக்காரன் எழுதுகிறார்:

அதை விட்டுவிடுங்கள், தங்கச்சி. வைகாசி, ஆனி மாதங்களில் கேட்டிருந்தால் அடிக்கச் சொல்லியிருப்பேன். கோடையில் சூரியன் வடமேற்காகச் சாய்ந்து மறையும். எங்கள் கரையும் அந்தத் திசையிலேயே வளைந்து போவதால், முனையில் நிற்பவருக்குச் சூரியன் கடலில் இறங்காமல் தரைக்குப் பின்னால் போய்விடும். பாதிப் பேர் அதைத் தெரியாமல் மே மாத விடுமுறையில் வந்து, ஏமாந்து, எங்கள் ஊரைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். டிசம்பரில் சூரியன் தென்மேற்கே சாய்வதால் கடலுக்குள் இறங்குவதைத் தெளிவாகப் பார்க்கலாம்; காலையில் தென்கிழக்கே கடலிலிருந்துதான் எழும். வடகிழக்குப் பருவமழை மேகம் வழிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாலையில் படகுத்துறைப் பக்கம் முண்டியடிக்காமல், மேற்கே கோவளம் போகும் சாலையில் உள்ள அஸ்தமனக் காட்சிமுனைக்குப் போய்விடுங்கள். இந்தக் கோவளம் எங்கள் கோவளம். திருவனந்தபுரத்துக் கோவளத்துக்கு ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அரபிக்கடல் விடுப்பில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை மட்டும் எங்கள் ஊரில் வந்து சொல்லாதீர்கள். டிசம்பரில் குளச்சல்காரர் யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள், விடுப்பில் இருக்கும் கடலில் அவருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று.

பின்னலாடைக் கணக்கன் எழுதுகிறார்:

காசாளர் நடுவராகப் பொறுப்பேற்று இன்று மாலை தீர்ப்பு வழங்கினார். நூலின்படி இருவரும் தோற்றதால் தேநீர்ச் செலவு ஆளுக்குப் பாதி. நீரின்படி அக்கா வென்றதால் பஜ்ஜிச் செலவு முழுவதும் மேலாளருடையது. குமரிக்கடலையும் சேர்த்து எண்ணினால் மூன்று வருகிறது என்பதற்காக மேலாளருக்கு முதல் தட்டு பஜ்ஜியை எடுத்துக்கொள்ளும் உரிமை. பேருந்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

சுற்றறிக்கையின் திருத்திய வடிவத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். "கடல் சூழ்ந்த குமரிமுனைக்கு" என்று மட்டும் எழுதி, எண்ணிக்கையை விட்டுவிடுவதென்று ஒப்பந்தமானது. கையெழுத்திடும் நேரத்தில், வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி என்று மேலாளர் ஒரு வரி சேர்த்திருப்பதை அக்கா கண்டுவிட்டார். பீடம் 38 அடி போக, சிலை 95 அடிதான் என்று சிவப்புப் பேனாவைத் திறந்திருக்கிறார். பந்தயம் இந்த முறை பருத்திப்பாலாம்.